மொட்டைமாடி

எங்கள் கம்பெனியில் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது நிரப்பச் சொல்லும் தாளில் கடைசிக் கேள்வி இது: ‘நீங்கள் மிகவும் வியக்கும் மனிதர் யார்? ஏன்?’ அந்தத் தாளைத் தயாரித்தது நான் இல்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. பிள்ளைகள் நாலு வரி சேர்ந்தாற்போல எழுதுகிறார்களா என்று பார்க்க அது உதவும், அவ்வளவுதான். பாதிப்பேர் அப்துல் கலாம் என்று எழுதுவார்கள். மீதிப்பேர் அம்மா. சிலர் அப்பா. ஒரு பையன் தோனி என்று எழுதி, பிறகு அடித்துவிட்டு கலாம் என்று மாற்றியிருந்தான். கம்பெனிக்கு எது பிடிக்கும் என்று யோசித்திருக்கிறான், பாவம்.

போன மாதம் செங்கம் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்த ஒரு பெண் வந்தாள். அந்தக் கேள்விக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. "ஏம்மா, யாருமே இல்லியா?" என்றேன். "யோசிக்கிறேன் மேடம். சும்மா ஒரு பேரு எழுத வேணாம்னுட்டு..." என்றாள். பிறகு பயமே இல்லாமல், "உங்களுக்கு யாரு மேடம்?" என்று கேட்டாள்.

ஆறு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். திருப்பி யாரும் கேட்டதில்லை. "எனக்கு ராமானுஜர்" என்று சொல்லிவிட்டேன். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெயரைச் சொல்வது சுலபம். அவள் தலையாட்டினாள். வேலையும் கிடைத்தது அவளுக்கு. நான்தான் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை.

சொன்னது பொய் இல்லை. நான் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது 2010 பொங்கல் முடிந்த வாரம். வரும்வரை எனக்கு இந்த ஊரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ராஜீவ் காந்தி 1991 மே மாதம் இங்கே கொல்லப்பட்டார் என்பது மட்டும்தான். ராமானுஜர் பிறந்த ஊர் இது என்பது ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு தெரிந்தது. சித்திரைத் திருவாதிரைக்கு ஆதிகேசவப் பெருமாள் கோயில் தெருவில் நிற்க இடம் இருக்காது. ‘ஏ’ ஷிப்ட் முடித்த பெண்கள் யூனிஃபார்மோடு போய்ப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வருவோம். சந்நிதியில் இருக்கிற உற்சவரைத் ‘தானுகந்த திருமேனி’ என்பார்கள். ராமானுஜர் இருந்த காலத்திலேயே செய்யப்பட்டு, அவரே உகந்து தழுவிக்கொடுத்த உருவம் என்பது நம்பிக்கை. அவர் பிறந்தது 1017 என்று மரபுக் கணக்கு.

அவரைப் பற்றிய கதைகளில் பல எங்கள் கம்பெனி பஸ் போகிற சாலையிலேயே நடந்தவை. திருக்கச்சி நம்பி பூவிருந்தவல்லிக்காரர், வைசியர், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசியவர். ராமானுஜர் காஞ்சியில் இருந்தபோது அவரை வீட்டுக்கு அழைத்து, அவர் சாப்பிட்ட மிச்சத்தைத் தான் சாப்பிட நினைத்தார். அதற்குள் ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் அந்த இலையை எடுத்து எறிந்து, இடத்தைக் கழுவி, குளித்தும் விட்டார். சாதி என்ன செய்யும் என்பதைத் தன் வீட்டுக்குள்ளேயே பார்த்த மனுஷன். பூவிருந்தவல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சி. ஷிப்ட் பஸ்ஸில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே நாங்கள் கடக்கிற ஊர்கள்.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது திருக்கோஷ்டியூர் கதைதான். மந்திரத்தின் பொருளைக் கேட்கத் திருவரங்கத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் நடந்து போகிறார். நம்பி ‘பிறகு வாரும்’ என்று திருப்பி அனுப்புகிறார். பதினெட்டு முறை. கடைசியில் சொல்லிக்கொடுத்து, வேறு யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னால் நரகம் என்கிறார். ராமானுஜர் கோயில் உயரத்தில் ஏறி ஊரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். ‘நான் ஒருவன் நரகம் போனால் என்ன, இத்தனை பேர் பிழைப்பார்களே’ என்கிறார். குருபரம்பரை நூல்கள் இதை ஒன்றுபோலச் சொல்வதில்லை. எது நடந்தது, எது பிற்காலத்தில் வளர்ந்தது என்று அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஊர் நினைவில் நிற்பது கோபுரம்தான்.

அந்தக் கதைக்கு எல்லாப் பக்கத்திலும் ஆள் இருக்கிறது. கடவுள் மறுப்பாளரான கலைஞர் கருணாநிதி 2015இல் ராமானுஜர் தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதினார். 2022இல் ஐதராபாத் அருகே 216 அடியில் அவருக்குச் சிலை திறந்து ‘சமத்துவச் சிலை’ என்று பெயர் வைத்தார்கள். பக்தரும் பகுத்தறிவாளரும் பிரதமரும் ஒரே ஆளை மெச்சுகிறார்கள். நானும் மெச்சினேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆளை மெச்சுவதில் எனக்கு ஒரு செலவும் இல்லை. தூக்கம் வராததற்குக் காரணம் அதுதான். நான் நேரில் பார்த்த ஒருத்தியின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் ராமானுஜர் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

*

ஹாஸ்டல் என்றால் மூன்று மாடி வீடு. ஒரு அறையில் பத்துப் பேர். மூன்று ஷிப்டும் கலந்து இருப்பதால் எப்போதும் யாராவது தூங்குவார்கள், எப்போதும் யாராவது பாத்ரூம் வாசலில் வாளியோடு நிற்பார்கள். நாங்கள் வேலை பார்த்தது ஒரு கைபேசி உதிரிபாக கம்பெனி. பெயர் வேண்டாம். பிளஸ் டூ முடித்த பெண்களாகப் பார்த்து எடுத்தார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். மணிக்கட்டில் ஸ்டாட்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் நின்றபடி சோல்டரிங்.

அக்கா எனக்கு இரண்டு வயது மூத்தவள். நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவள். விழுப்புரம் பக்கம். அவளைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அப்போது ஒன்றும் இல்லை. குறட்டை விடுவாள். யார் சோப்பு என்று பார்க்காமல் எடுத்துக் குளிப்பாள். கறாராகப் பேசுவாள், அதனால் புதுப் பிள்ளைகளுக்கு அவளைக் கண்டால் ஆகாது. ஒரே ஒரு விசேஷம், சம்பளச் சீட்டை வாசிப்பாள். நாங்களெல்லாம் கடைசியில் இருக்கிற தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து டிரங்குப் பெட்டியில் போடுவோம். அவள் மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிப்பாள். பேசிக் எவ்வளவு, டி.ஏ. எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு. ஒரு மாதம் ஓ.டி. நாலு மணி நேரம் குறைந்ததைக் கண்டுபிடித்து ஆபீஸில் போய்க் கேட்டு வாங்கினாள். "இந்தக் காச வுட்டா வேற எவன் தருவான்?" என்றாள்.

அவள் சித்தப்பா ஒருவர் மூடிப்போன மில்லில் வேலை பார்த்தவர். பி.எஃப். பணம் வாங்க வருடக்கணக்காக நடந்தவர். சின்ன வயதில் அவரோடு பஸ் ஏறிப் போய் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தது அவளுக்கு நினைவிருந்தது. "இந்த பாரம் இல்ல, அந்த பாரம்னு திருப்பித் திருப்பி அனுப்புவான். அதுலயே பாதிப் பாரம் பேரு எனக்கு மனப்பாடம்" என்பாள். படிவம் 19, படிவம் 10சி என்று எங்களுக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாம் வருடக் கடைசியில் அவளையும் என்னையும் லைன் லீடர் ஆக்கினார்கள். தொப்பியின் நிறம் மாறியது. சம்பளத்தில் எழுநூறு ரூபாய் கூடியது.

*

2014இல் இந்த வட்டாரத்துக்கு என்ன ஆயிற்று என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். 2006இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, வரி வழக்கில் சிக்கி, மைக்ரோசாஃப்டுக்குக் கைமாறிய வியாபாரத்தில் சேராமல் தனித்து நின்று, அந்த வருடம் நவம்பர் 1 அன்று நின்றுபோனது. அதைச் சுற்றி இருந்த கம்பெனிகளிலும் ஆர்டர் குறைந்தது. ஆயுத பூஜைக்குப் பொரி கடலை கொடுத்த கையோடு எங்கள் லைனில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள்.

நவம்பர் கடைசியில் லைன் லீடர்களை மட்டும் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை. பிஸ்கட் வைத்திருந்தார்கள். இரண்டு லைனை மூடப்போகிறோம், பிள்ளைகளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லி ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள், ஆளுக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் கையில் கிடைக்கும் என்றார்கள். எங்களுக்கு வேறு யூனிட்டில் இடம் உண்டு. வேலை தொடர்ச்சியும் உண்டு. "இந்த ரூம்ல பேசினது இந்த ரூமோட" என்று ஆபீஸர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இருபத்தைந்தாயிரம் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய பணம். எனக்கு நல்ல செய்தியாகவே பட்டது. படி இறங்கும்போது அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். "என்னக்கா?" என்றேன். "ராஜினாமான்னு எழுதச் சொல்றான் பாத்தியா" என்றாள்.

அன்று இரவு ‘பி’ ஷிப்ட் பஸ் வந்து சேர்ந்ததும் பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டாள். அறையில் தூங்குகிறவர்கள் இருந்தார்கள். எல்லோரும் நிற்க வேறு இடம் கிடையாது. துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே இருபது முப்பது பேர் உட்கார்ந்தார்கள். அவள் தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்றுகொண்டாள், செல்போன் வெளிச்சத்தில் ஒரு பழைய சம்பளச் சீட்டு.

அவள் சொன்னதை இன்றைக்கு நான் வகுப்பில் சொல்கிற மாதிரி எழுதுகிறேன். பேசிக்கும் டி.ஏ.வும் சேர்ந்து 6,500 ரூபாய். கிராஜுவிட்டி கணக்கில் மாதத்துக்கு 26 நாள். ஒரு நாளைக்கு 250. வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்றால் 3,750. ஐந்து வருடத்துக்கு 18,750. "நமக்குத்தான் அஞ்சு வருஷம் ஆகலியே?" என்று ஒருத்தி கேட்டாள். நாலு வருடம் முடிந்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் உண்டு என்று சென்னை உயர்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்றாள். எங்கள் பேட்சுக்கு நாலு வருடம் பத்து மாதம் முடிந்திருந்தது. அடுத்தது, கம்பெனி நம்மை அனுப்பினால் அது ஆட்குறைப்பு. அதற்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம் தனியாகத் தர வேண்டும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் தர வேண்டும். நாமாகப் போகிறோம் என்று எழுதிக்கொடுத்தால் அது இல்லை. கூட்டினால் நாற்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. இருபத்தைந்தைக் காட்டி நாற்பதைக் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னாள். கம்பெனி போடுகிற 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகிறது. எல்லாவற்றையும் உருவி எடுத்துவிட்டால் இந்த ஐந்து வருடம் அழிந்துபோகும். 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதில் சான்றிதழ் கேட்டு வாங்கி வைத்தால், நாளைக்கு வேறு எங்கே வேலைக்குப் போனாலும் வருடம் சேரும். பத்து வருடம் சேர்ந்தால் பென்ஷன் உண்டு. "கல்யாணம் ஆயிட்டா இனிமே வேலைக்கு எங்க போவப் போறோம்னு நெனைக்காதீங்கடி. போவ வேண்டி வரும்."

இதைக் கோபுரக் கதையோடு சேர்த்துப் பார்ப்பது இப்போது எழுதும்போது எனக்கே கொஞ்சம் வசதியாகத்தான் இருக்கிறது. அன்று ராமானுஜர் நினைவு யாருக்கும் வரவில்லை. குளிரியது. கொசு கடித்தது. கீழே ஹாஸ்டல் வார்டன் கத்திக்கொண்டிருந்தாள்.

நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. "அவளும்தான் மீட்டிங்ல இருந்தா, அவளையே கேளுங்க" என்று அக்கா சொன்னதும் விழுந்தது. நான் மேலே ஏறவில்லை. அறைக்குப் போய்ப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

*

மறுநாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, மாடியில் பேசியது யார் என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. அதைப் பல வருடம் என் பக்கத்து நியாயமாக வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. "நீங்க அதுல இல்லைதானே?" என்று கேட்டார்கள். "இல்ல சார்" என்றேன். அந்த ஒரு பதில்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

பாதிப்பேர் அன்றே கையெழுத்துப் போட்டார்கள். வீட்டில் தேவை இருந்தது. மீதிப்பேர் போடவில்லை. தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரைப் பிடித்து மனு எழுதி, லேபர் ஆபீஸுக்கு நடந்து, எட்டு மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கு கிராஜுவிட்டியும் இன்னொரு தொகையும் கிடைத்தன. அக்கா சொன்ன கணக்கு முழுதாக வரவில்லை, முக்கால்வாசி வந்தது. எனக்கு வேறு யூனிட்டில் வேலை கிடைத்தது. அங்கிருந்துகொண்டே தொலைதூரக் கல்வியில் பட்டம் படித்தேன். பிறகு இந்தக் கம்பெனியில் இந்த நாற்காலி. அக்காவுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. அவளுடைய கடிதத்தில் ‘நடத்தை’ என்ற இடத்தை நிரப்பாமல் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரகடம் பக்கம் இரண்டு கம்பெனியில் முயற்சி பண்ணிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள்.

திருக்கோஷ்டியூர் கதையில் ஒரு விஷயத்தை நாம் கேட்பதே இல்லை. ராமானுஜருக்கு முன்னாலும் அந்த மந்திரத்தின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சொல்லாதே என்றார்கள், சொல்லவில்லை, அவ்வளவுதான். குருவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய நல்ல சிஷ்யர்கள். அவர்களைப் பற்றி எந்தக் கதையும் இல்லை. நான் அந்த வரிசை.

ராமானுஜரைக் கோபித்துக்கொண்ட நம்பி கடைசியில் அவரைக் கட்டிக்கொண்டு ‘எம்பெருமானாரே’ என்றார் என்று கதை முடிகிறது. நரகம் வரவில்லை. அக்காவுக்கு வந்தது. பெரிய நரகம் இல்லை, நாற்பது வயதுக்குள் நாலு வேலை மாறுகிற அளவு நரகம். அதைத் தெரிந்தே தண்ணீர்த் தொட்டிப் படியில் ஏறினாள். என்னைவிட அவளுக்குத்தான் அந்த இடம் அதிகம் தேவைப்பட்டது. அவள் தம்பிக்கு அப்போது காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது என்பது ஹாஸ்டலில் எனக்கு மட்டும் தெரியும்.

*

தூக்கம் வராத மூன்றாம் நாள் பழைய தோழி ஒருத்தியிடம் நம்பர் வாங்கி அக்காவுக்குப் போன் செய்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. "யாரு?" என்றாள். சொன்னதும், "அடிப்பாவி, உயிரோடதான் இருக்கியா" என்றாள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். ஊரிலேயே ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசர். இரண்டு பிள்ளைகள். பென்ஷன் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருந்து, புது வேலையில் சேர்த்துவிட்டாளாம். "இன்னும் ரெண்டு வருஷம், பத்து ஆயிடும்" என்றாள்.

மாடிப்படியில் நின்றதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. "தெரியும்டி. உன் செருப்பு கதவாண்ட கெடந்துச்சு" என்றாள். பிறகு, "உன்னயும் இழுத்து வுட்டிருக்கக் கூடாது நானு. அது என் தப்பு" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். "எழுது. பேரு கீரு போட்டு வெக்காத. இங்க ஓனருக்குத் தெரிஞ்சா சம்பளச் சீட்ட எங்கிட்ட குடுக்கவே பயப்படுவான்" என்று சிரித்தாள்.

நான் மிகவும் வியக்கும் மனிதர் அவள்தான். ஏன் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த அதே விஷயம் அவளுக்கும் தெரிந்திருந்தது, அதே அறையில், அதே பிஸ்கட் தட்டுக்கு முன்னால். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்பது படி. ராமானுஜரோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்க யாரும் சொல்லமாட்டார்கள். அக்காவோடு ஒப்பிடாமல் இருக்க என்னால் முடியாது. அதனால்தான் அவள் பெயர் என் வாயில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

புது பேட்சுக்கு முதல் நாள் வகுப்பு நான்தான் எடுப்பது. பாதுகாப்பு, சீருடை, கேன்டீன் நேரம், செல்போன் தடை என்று வழக்கமான பட்டியல். இந்த முறை கடைசி அரை மணி நேரத்தில் போர்டில் ஒரு சம்பளச் சீட்டை வரைந்தேன். பேசிக், டி.ஏ., பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம். யு.ஏ.என். நம்பரை எப்படிப் போனில் திறப்பது, கம்பெனி பணம் கட்டியிருக்கிறதா என்று பாஸ்புக்கில் எப்படிப் பார்ப்பது என்று ஒவ்வொருத்தியையும் செய்து பார்க்க வைத்தேன். ராஜினாமாவுக்கும் ஆட்குறைப்புக்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு வந்தபோது, மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனார். குரல் எனக்குத் தானாகவே தாழ்ந்தது. ஆனால் சொல்லி முடித்தேன். இதற்காக என்னை யாரும் வேலையை விட்டு எடுக்கப்போவதில்லை. எனவே இதை அக்கா செய்ததோடு சேர்த்து யாரும் எண்ண வேண்டாம்.

செங்கத்துப் பெண் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் கேன்டீனுக்குப் போன பிறகு அவளை நிறுத்தி, அன்றைக்கு உனக்குச் சொன்ன பதில் தப்பு என்று சொல்லி, அக்காவின் கதையைச் சொன்னேன். கதவுக்குப் பின்னால் நின்றதையும் சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டு, "அந்த நாப்பதாயிரத்துக்கு மேலங்கறது எப்பிடி மேடம் வருது? இன்னொரு வாட்டி போட்டுக் காட்டுங்க" என்றாள்.

போர்டை அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுக் காட்டினேன்.